காயம்பட்டவனே குற்றவாளியா?

ஜோன் ரிச்சின் நூலையும் ‘ஆபத்துக் காரணிகள்’ என்ற கருத்தாக்கத்தையும் முன்வைத்துச் சில குறிப்புகள்

1

1989இல் அமெரிக்காவின் டிற்றொயிற் நகரச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் சிலர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். ‘நகர்ப்புறக் காயம்: மீண்டும் மீண்டும் வரும் நாட்பட்ட நோய்’ என அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். சுடப்பட்டும் குத்தப்பட்டும் அடிக்கப்பட்டும் தமது வைத்தியசாலைக்கு வந்து உயிர்தப்பிப் போனவர்கள் அடுத்த ஐந்து ஆண்டுகளில் என்ன ஆனார்கள் என்று அவர்கள் தேடினார்கள். தகவல் கிடைத்தவர்களுள் 44 வீதமானோர் மறுபடியும் காயம்பட்டிருந்தனர். 20 வீதமானோர் உயிரோடு இல்லை.

அதுவரை கத்திக்குத்தும் துப்பாக்கிச் சூடும் வைத்தியசாலையைப் பொறுத்தவரை ஒருநாள் சம்பவங்களாகவே இருந்தன. தைத்து, கட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கோவை மூடப்படும். மூடிய கோவைகள் திரும்பத் திறக்கப்படுகின்றன என்பதை டிற்றொயிற் கட்டுரை காட்டியது. அதன் பின்னர் ‘யார் திரும்பி வருகிறார்கள்?’ என்ற கேள்வி அமெரிக்கப் பெருநகர வைத்தியசாலைகளின் ஆய்வுப் பொருளாயிற்று. பல்ரிமோர் நகரில் கார்னெல் கூப்பர் என்ற சத்திரசிகிச்சையாளரும் அவரது சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அதற்கொரு பட்டியலைப் பதிலாகத் தந்தது. கறுப்பின ஆண், வேலையற்றவர், மருத்துவக் காப்புறுதி இல்லாதவர், மிகக் குறைந்த வருமானம் உடையவர், போதைப்பொருள் பாவிப்பவர், போதைப்பொருள் விற்பனையில் இப்போதோ முன்னரோ தொடர்புடையவர். இவையே ‘ஆபத்துக் காரணிகள்’.

இந்தப் பட்டியல் பொய்யென்று வாதிடுவது என் நோக்கமல்ல. எண்ணிப் பார்த்தவர்கள் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் எதை எண்ணாமல் விடுகிறது, யாருடைய கைக்குப் போகிறது, போன இடத்தில் என்னவாக மாறுகிறது என்பவையே என் கேள்விகள். புகலிடத்தில் எமது பிள்ளைகளும் இத்தகைய பட்டியல்களுக்குள் வந்து போயிருக்கிறார்கள். அப்படியிருந்தும் எமது சஞ்சிகைகளில் இவ்விடயம் ‘பெடியள் கெட்டுப்போனார்கள்’ என்ற புலம்பலைத் தாண்டி அதிகம் பேசப்பட்டதில்லை.

2

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘காரணி’ என்று நாம் மொழிபெயர்க்கும்போது காரணம் என்ற பொருளும் கூடவே வந்து குந்திவிடுகிறது. புள்ளிவிபரவியல் அவ்வளவு தூரம் போவதில்லை. இரண்டு விடயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். எது முந்தியது, எது பிந்தியது, எதனால் எது வந்தது என்பவற்றை அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ‘கறுப்பின ஆண்’ என்பது ஒரு காரணியாக எழுதப்படும்போது, தோலின் நிறம் கத்தியைத் தன்பக்கம் இழுக்கிறது என்று எந்த ஆய்வாளரும் கருதுவதில்லை. ஆனால் அதை வாசிக்கும் பொதுப்புத்தி அப்படித்தான் கருதும். நிறம் என்பது இங்கே வேறு பலவற்றுக்குப் போடப்பட்ட சுருக்கெழுத்து: எந்தத் தெருவில் வீடு கிடைக்கும், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வேலை, பொலிஸ்காரன் எப்படிப் பார்ப்பான். சுருக்கெழுத்து விரித்து வாசிக்கப்படாதபோது வரலாறு ஓர் உடலின் குணமாகிவிடுகிறது.

இது புதிய ஏமாற்றல்ல. பிரான்ஸ் ஃபனோன் 1961இல் வெளியான தனது இறுதி நூலில் அல்ஜியர்ஸ் உளமருத்துவப் பள்ளியைப் பற்றி எழுதியதை எம்மில் பலர் வாசித்திருப்போம். அல்ஜீரியன் இயல்பிலேயே வன்முறையாளன், காரணமில்லாமலே கொலை செய்பவன் என்று பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூளையின் அமைப்பைக் காட்டிப் பாடம் நடத்தினார்கள். ஃபனோன் அங்கே நடந்த கொலைகளை மறுக்கவில்லை. பசியும் அவமானமும் ஒடுக்குமுறையும் அடுத்த வீட்டானைக் கண்முன் நிற்கும் எதிரியாக்கும் சூழலைக் காட்டி, இதைப் பிறவிக் குணமென்று எழுதிய கையை மடக்கினார். இன்றைய வைத்தியசாலை ஆய்வாளர்கள் அந்தப் பேராசிரியர்களின் வாரிசுகள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுட் பலர் காயம்பட்டவர்களின் பக்கம் நிற்பவர்கள். ஆனாலும் ஓர் ஆளின் மீது ஒட்டப்பட்ட குணங்களின் பட்டியல் என்ற வடிவம், எழுதியவரின் நல்லெண்ணத்தைக் கேட்டு நடந்துகொள்வதில்லை.

‘நோய்’ என்ற உவமையும் இப்படித்தான். அது ஓரளவு உதவியது. குற்றமென்று மட்டும் பார்க்கப்பட்டதைச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வைத்தது. அதே உவமை ஒன்றை மறைக்கவும் செய்கிறது. கிருமி யாருக்கும் எதிராகச் சதி செய்வதில்லை. துப்பாக்கியை ஒருவர் செய்கிறார், ஒருவர் விற்கிறார், ஒருவர் சுடுகிறார்.

3

ஜோன் ரிச்சின் ‘றோங் பிளேஸ், றோங் ரைம்’ (தவறான இடம், தவறான நேரம்) என்ற நூல் 2009இல் வெளிவந்தது. ரிச் ஒரு கறுப்பின வைத்தியர். பொஸ்ரன் நகர வைத்தியசாலையில் பணியாற்றியபோது இளம் ஆண்களுக்கென்று ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியவர். காயம்பட்டுக் கட்டிலிற் கிடந்த இளைஞர்களிடம் போய், அவர்களது கதையை அவர்களது வாயாலேயே கேட்டுப் பதிவு செய்தார். 1996இலும் 2005இலும் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரைகளின் தொடர்ச்சியே இந்நூல். கோர்ட்னி கிரேயுடன் சேர்ந்து எழுதிய 2005ஆம் ஆண்டுக் கட்டுரை 49 இளைஞர்களின் நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்டது.

பட்டியல் எழுதியவர்கள் ‘யார் திரும்பி வருகிறார்கள்?’ என்று கேட்டார்கள். ரிச் ‘முதற் காயத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது?’ என்று கேட்டார். கேள்வி மாறியதும் காட்சியே மாறிவிடுகிறது.

நடப்பது இதுதான். ஒருவன் சுடப்படுகிறான். அவசர சிகிச்சைப் பிரிவில் அவனது உயிரைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அவன் ஏதோ செய்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏன் சுடுகிறார்கள் என்ற நினைப்பு அங்கே காற்றில் நிற்கிறது. பொலிஸ் கட்டிலருகே வந்து கேள்வி கேட்கிறது. அவன் பதில் சொன்னால் தெருவில் காட்டிக்கொடுப்பவன் ஆகிவிடுவான். (அந்தச் சொல்லின் கனம் எமக்கு விளக்கப்படத் தேவையில்லை. மின்கம்பங்களில் அதை எழுதிக் கட்டியவர்கள் நாம்.) சொல்லாவிட்டால் பொலிசுக்கு அவன் ஒத்துழைக்காத சந்தேகநபர். சில நாட்களில் காயம் ஆறமுன்னரே வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். வீடு இருப்பது அதே தெருவில். சுட்டவனும் அங்கேதான் நடமாடுகிறான்.

பிறகு நித்திரை இல்லை. ஒரு கார் மெதுவாகப் போனால் உடம்பு துள்ளுகிறது. ஆட்கள் கூடுமிடத்தில் நிற்க முடியவில்லை. மனவடுவின் தெளிவான அறிகுறிகள் இவை. அவனுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொன்னாலும் போய்க் காட்டக் காப்புறுதி இல்லை. எனவே கஞ்சா புகைக்கிறான். அது தெருவில் கிடைக்கிறது, நித்திரையைத் தருகிறது. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிறுநீர்ச் சோதனையில் அது வெளிப்பட்டால் வேலை போச்சு. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவனாயின் நிபந்தனையை மீறிய குற்றம். பொலிஸ் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இல்லாததால் சிலர் துப்பாக்கியும் தேடிக்கொள்கிறார்கள்.

இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. அந்த இளைஞர்கள் ‘சக்கர்’ என்ற சொல்லைப் பாவிக்கிறார்கள். எமது ஊர்ப் பேச்சில் ‘பேயன்’ என்பது அதற்கு மிகக் கிட்டவான சொல். அடித்தவனுக்குத் திருப்பி அடிக்காதவன் பேயன். ஒருநாள் பேயனாக்கப்பட்டவனை நாளைக்கு எவனும் பேயனாக்கலாம். திருப்பி அடிப்பதை அவர்கள் வீரமாகக் கருதுவதைவிட, அடுத்த அடி விழாமலிருக்கச் செய்யும் காப்பாகவே கருதுகிறார்கள் என்பது ரிச்சின் வாதம். பிலடெல்பியா நகரை ஆராய்ந்த சமூகவியலாளர் எலைஜா அண்டர்சன் 1999இல் வெளியிட்ட நூலில் ‘தெருவின் சட்டம்’ என்று விபரித்ததை ரிச் இங்கே பயன்படுத்திக்கொள்கிறார். அரச சட்டம் காவலுக்கு வராத இடத்தில் முளைத்த சட்டம் அது.

இப்போது பல்ரிமோர்ப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ‘போதைப்பொருள் பாவனை’, ‘வேலையின்மை’ என்று அதில் காரணிகளாக நிற்பவற்றுட் பல, ரிச்சின் இளைஞர்களிடம் முதற் காயத்தின் விளைவுகளாக நிற்கின்றன. பட்டியல் ஒரு கணத்தைப் படம் பிடிக்கிறது. ரிச் படத்தை ஓட விடுகிறார். ஓடும் படத்தில், இரண்டாவது காயத்துக்கான பாதையைத் திறப்பது பெரும்பாலும் முதற் காயமும் அதன் பின்னான கைவிடுதலும்தான்.

இது வெறும் கதைகளிலிருந்து பெறப்பட்ட முடிவு என்று ஒதுக்கிவிட முடியாது. வாகனத் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வறுமையில் விழுந்த ஃபிளின்ற் நகரில், 14 முதல் 24 வயதுக்கு உட்பட்ட, போதைப்பொருள் பாவித்த இளையோரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. தாக்கப்பட்டு வந்தவர்களில் 36.7 வீதமானோர் அக்காலத்துக்குள் மீண்டும் வன்முறைக் காயத்தோடு திரும்பினர். வேறு காரணங்களுக்காக அதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த, அவர்களையொத்த மற்றவர்களில் அது 22.4 வீதம். இரு தரப்பும் ஒரே நகரம், இரு தரப்பிலும் போதைப்பொருள் பாவனை. மனவடுவுக்குப் பிந்திய உளநெருக்கீடு மீள்வரவை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகளுள் ஒன்று என்பதையும் அவ்வாய்வு கண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நான் சில காலம் வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். வெட்டுப்பட்டுக் கிடந்த தமிழ்ப் பெடியன்களிடம் வெள்ளைக்காரத் தாதி கேட்காத கேள்வியை அவர்களது சொந்தங்கள் கேட்டதை நின்று கேட்டிருக்கிறேன்: “நீ ஒண்டும் செய்யாம அவங்கள் ஏனடா வெட்டினவங்கள்?” இதை நான் மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை. கேட்ட தொனியிலேயே அறையிலிருந்த எல்லோருக்கும் விளங்கியது. ரிச் எதிர்த்து எழுதும் எண்ணம் வெள்ளையருக்கு மட்டும் சொந்தமானதல்ல.

4

ரிச்சின் நூலை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதனோடு மூன்று இடங்களில் முரண்படுகிறேன்.

முதலாவது, மனவடு என்ற கருத்தாக்கம் சார்ந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினருக்கான போராட்டங்களின் பின் 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இடம்பெற்ற நோய்ப்பெயர் இது. ‘பிந்திய’ என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. போர் முடிந்து வீடு திரும்பியவனுக்கு அது பொருந்தும். அதே தெருவுக்குத் திரும்பியவனுக்கு எது பிந்தியது? அவன் சத்தம் கேட்டுத் துள்ளுவது நோயா, அவனுடைய உடம்பு சரியாகக் கணக்கிடுவதா? தயா சோமசுந்தரம் ‘மனவடு’விலும் 1998இல் வெளியான ஆங்கில நூலிலும் எமது வடபகுதியைப் பற்றி எழுதியபோதும் இதே சிக்கல் எழுந்தது. குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஊரில் குண்டுக்குப் பயப்படுபவனை எப்படி நோயாளி என்பது? சிகிச்சை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். இரவில் நித்திரை கொள்ள முடியாதவனுக்கு உதவி வேண்டும். ஆனால் ஆபத்து அவனது தலைக்குள் மட்டும் இருப்பதாக எழுதினால், தெரு தப்பிவிடுகிறது.

இரண்டாவது, நூலின் தலைப்பு. ‘தவறான இடம், தவறான நேரம்’ என்பது ஒரு தற்செயலைச் சொல்லும் வழக்கு. ரிச் அதைப் பரிகாசமாகவே கையாள்கிறார் என்று கொள்வோம். ஆனாலும் அந்த ‘இடம்’ எப்படி அந்த இடமாயிற்று என்பது நூலில் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. ரொக்ஸ்பெரியும் டோர்செஸ்டரும் மற்றப்பனும் தற்செயலாகக் கறுப்பினத்தவரின் பகுதிகள் ஆகவில்லை. வங்கிக் கடன் மறுப்பும் வீடு விற்க மறுப்பும் சேர்ந்து வரைந்த எல்லைகள் அவை. 1974இல் பாடசாலைகளில் நிறப்பாகுபாட்டை நீக்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கறுப்பினப் பிள்ளைகளின் பஸ்களுக்குக் கல்லெறிந்த நகரம் பொஸ்ரன். அந்நகரில் 1990இல் 152 கொலைகள் நடந்தன, 1999இல் 31. ஒன்பது ஆண்டுகளில் இளைஞர்களின் குணம் ஐந்திலொன்றாகக் குறையுமா? தெருவில் ஏதோ மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்குப் பொலிசார், தேவாலயங்கள், தெருப்பணியாளர்கள், பொருளாதாரம் என்று ஒவ்வொருவரும் உரிமை கோருவார்கள். எனது வாதத்துக்கு அது குறைந்தது என்ற உண்மையே போதும்.

மூன்றாவது, பெண்கள். இத்துறை முழுவதுமே ‘இளம் ஆண்’ என்ற உருவத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஆண்களே மிகப் பெரும்பான்மை என்பதால் அது விளங்கிக்கொள்ளக்கூடியது. ஆனால் மேலே சொன்ன ஃபிளின்ற் ஆய்வில், பெண்ணாக இருப்பது மீண்டும் திரும்பி வருவதோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. வீட்டுக்குள் வெட்டுபவன் தெருவில் திரியத் தேவையில்லை. அவனுக்கு முகவரி தெரியும். ‘தெருவின் சட்டம்’ என்ற விளக்கத்தால் அந்தப் பெண்ணின் இரண்டாவது காயத்தை விளக்க முடியாது. மீள்காயம் பற்றிய கோட்பாடு ஆண்மையைப் பற்றிய கோட்பாடாகவும் இருக்கவேண்டும் என்றால், பேயனாகாமல் இருக்க விரும்பும் ஆண் வீட்டில் யாரைப் பேயாக்குகிறான் என்பதையும் அது கேட்கவேண்டும்.

5

இனி, பட்டியல்கள் பயணம் செய்யும் திசையைப் பார்ப்போம்.

சிக்காகோ பொலிசார் 2012க்குப் பின் ஒரு கணினிப் பட்டியலை உருவாக்கினார்கள். வன்முறையில் சம்பந்தப்படக்கூடியவர்கள் என்று ஆட்களுக்கு 500 வரை புள்ளிகள் போடப்பட்டன. சுடுபவனாகச் சம்பந்தப்படுவானா, சுடப்படுபவனாகவா என்பதை அந்தப் புள்ளி பிரித்துக் காட்டவில்லை. ஒருவர் முன்னர் எத்தனை தடவை சுடப்பட்டார் என்பதும் புள்ளியைத் தீர்மானித்த விடயங்களுள் ஒன்று. அதாவது காயம்பட்டதே ஒருவனைச் சந்தேகநபருக்குக் கிட்டவாகக் கொண்டுபோனது. பட்டியலின் ஆரம்ப வடிவத்தை மதிப்பிட்டு ராண்ட் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அதில் இடம்பெற்றவர்கள் சுடப்படுவது குறையவில்லை என்றும், சூட்டுச் சம்பவங்களுக்காக அவர்கள் கைதாவதே கூடியது என்றும் கண்டது. 2019இன் இறுதியில் பட்டியல் கைவிடப்பட்டது.

லண்டனில் 2011 கலவரங்களின் பின் மாநகரப் பொலிசார் ‘காங்ஸ் மேற்றிக்ஸ்’ என்ற பெயர்ப்பட்டியலை வைத்திருந்தனர். சர்வதேச மன்னிப்புச் சபை 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017 அக்டோபரில் அதில் 3,806 பேர் இருந்தனர். 78 வீதமானோர் கறுப்பினத்தவர். அதே ஆண்டில் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம், பாதிக்கப்பட்டவர்களையும் குற்றம் செய்தவர்களையும் அப்பட்டியல் தெளிவாக வேறுபடுத்தவில்லை என்று கண்டித்தது. 2024இல் அது முடிவுக்கு வந்தது. வேறுபடுத்தாததை வெறும் கவனயீனம் என்று நான் கருதவில்லை. ‘ஆபத்தில் இருப்பவன்’ என்ற சொல்லுக்கும் ‘ஆபத்தானவன்’ என்ற சொல்லுக்கும் இடையில் ஒரு வேற்றுமை உருபு மட்டுமே நிற்கிறது. அதிகாரத்தின் கையில் அது மிக இலகுவாக உதிர்ந்துவிடும்.

பட்டியல் போகக்கூடிய வேறு வழிகளும் உண்டு. ஒக்லண்ட் நகரில், துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் சக்கரநாற்காலிக்கு வந்த ஷேர்மன் ஸ்பியர்ஸ் என்ற இளைஞர் 1994இல் காயம்பட்டவர்களின் கட்டிலடிக்குப் போகத் தொடங்கினார். பழிவாங்கப் போகாதே என்று பேசினார். பேசியவரும் சூடுபட்டவர் என்பதால் கேட்டார்கள். பல்ரிமோரில் பட்டியலைத் தந்த அதே கூப்பர் அதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே மீண்டும் மீண்டும் காயம்பட்டவர்களும் பரோலிலோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ இருந்தவர்களுமான 100 பேரை இரு தொகுதிகளாகப் பிரித்து, ஒரு தொகுதிக்குச் சமூகப்பணியாளர், வேலை தேடல், வீட்டுவசதி, போதைச் சிகிச்சை என்று தொடர்ந்து துணை வழங்கினார். 2006இல் வெளியான முடிவு: துணை கிடைத்தவர்களில் 5 வீதமானோரும் கிடைக்காதவர்களில் 36 வீதமானோரும் மறுபடியும் காயத்தோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர்.

இது சிறிய ஆய்வு. வேறு நகரங்களின் பரிசோதனைகள் எல்லாம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. அந்த அணிக்குள் நன்னடத்தை அதிகாரியும் இருந்தார் என்பது எனக்கு நெருடலாகவும் இருக்கிறது. உதவும் கையும் கண்காணிக்கும் கண்ணும் ஒரே கதவால் வந்தால் காயம்பட்டவன் யாரை நம்புவது? இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. அந்த 5 வீதத்தினரின் நிறம் மாறவில்லை, பால் மாறவில்லை, பழைய வழக்குகள் அழியவில்லை. பட்டியலின் பாதி அப்படியே இருந்தது. ஒருவர் வந்தார், திரும்பவும் வந்தார், அவ்வளவுதான் மாறியது.

கார்டிஃப் நகர உதாரணம் இன்னும் சுவையானது. அங்கே ஜொனதன் ஷெப்பேர்ட் என்ற வாய், முகச் சத்திரசிகிச்சையாளர், தான் தைத்த காயங்களிற் பல பொலிசுக்குத் தெரியவே வராதவை என்பதைக் கவனித்தார். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களிடம் எங்கே, எப்போது, எதனால் தாக்கப்பட்டீர்கள் என்று கேட்டு, பெயர்களை நீக்கிவிட்டு அந்தத் தகவலை நகரசபைக்கும் பொலிசுக்கும் வழங்கும் முறை உருவானது. எந்த மதுச்சாலை, எந்தச் சந்தி, எத்தனை மணி, உடைந்த கண்ணாடிக் குவளையா? 2011இல் வெளியான மதிப்பீடு, ஒப்பிடத்தக்க மற்ற நகரங்களோடு பார்க்கையில் வன்முறைக் காயத்துக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது 42 வீதம் குறைந்ததாகச் சொன்னது. இதுவும் ஒரு பட்டியல்தான். ஆனால் ஆட்களின் பட்டியலல்ல, இடங்களின் பட்டியல். மதுச்சாலையை நாடுகடத்தமுடியாது, ஒரு சந்தியின் மீது வழக்குப் போடமுடியாது. விளக்குப் போடலாம், பஸ் விடலாம், குவளையை மாற்றலாம்.

6

‘நாடுகடத்தல்’ என்ற சொல்லை யோசித்தே எழுதினேன். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் தமிழ் இளைஞர் குழுக்களிடையே நடந்த மோதல்கள் இதை வாசிப்போருட் பலருக்கு நினைவிருக்கும். வாள்வெட்டும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. எந்தக் குழுவோடும் தொடர்பில்லாத மாணவர்களும் பலியாகினர். 2001 அக்டோபரில் பொலிசாரும் குடிவரவு அதிகாரிகளும் சேர்ந்து, குழு உறுப்பினர்கள் என்று சொல்லிப் பல தமிழ் இளைஞர்களை ஒரே நேரத்தில் கைது செய்தார்கள். அவர்களை நாட்டைவிட்டு அனுப்புவதே அந்நடவடிக்கையின் நோக்கம். 2002இல் நடைமுறைக்கு வந்த கனடியச் சட்டத்தின் 37ஆம் பிரிவும் இதற்கு இடமளிக்கிறது. ஒழுங்கமைக்கப்பட்ட குற்றக் குழுவொன்றின் உறுப்பினர் என்று நம்புவதற்கு நியாயமான அடிப்படை இருந்தால் போதும், நீதிமன்றக் குற்றத்தீர்ப்பு அவசியமில்லை. பிரஜாவுரிமை பெற்ற குடும்பத்தின் பிள்ளைக்கு வெட்டுக்காயம் ஒரு வைத்தியசாலைக் கோவை. அகதிப் பிள்ளைக்கு அதே காயம், ‘யாரோடு திரிந்தவன்’ என்ற கேள்விக்கு ஊடாக, போர் நடக்கும் நாட்டுக்கு ஏற்றப்படும் விமானச் சீட்டாக மாறலாம். அப்படிப்பட்டவன் வைத்தியசாலையில் உண்மை சொல்வானா? அங்கே வருவானா? வராதவன் எந்தப் பட்டியலிலும் இல்லை, எந்த உதவியிலும் இல்லை.

அந்நாட்களில் எமது சமூகத்தில் எழுந்த குரல்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, ‘ஒருசிலரால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர், அனுப்பிவிடுங்கள்’ என்றது. மற்றது, ‘போரில் வளர்ந்த பிள்ளைகள், என்ன செய்வது’ என்றது. இரண்டாவது கருணையாகத் தோன்றும். ஆனால் அதுவும் பட்டியல் எழுதும் வேலையைத்தான் செய்தது. ஊரில் போரைக் கண்டதால் இவன் இப்படி என்றால், இங்கே தாயும் தகப்பனும் இரவுபகலாக இரண்டு வேலை செய்ய, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கித் திருப்பி அடிக்கக் கூட்டம் சேர்த்தவனின் கதை எங்கே போகும்? ஆயுதம் தூக்கியவனை ஊரில் வீரனென்றும் இங்கே காடையனென்றும் அழைத்த எமது சொந்தக் கருத்தியலுக்கு எந்தக் கோவையில் இடம்? இவற்றுக்கு நடுவே, கனடியத் தமிழ் இளையோர் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகளை இளைஞர்களே தொண்ணூறுகளின் இறுதியில் உருவாக்கினார்கள் என்பதையும் பதிவு செய்யவேண்டும். எழுத்தாளர்களும் ‘புத்திஜீவி’களும் இலக்கியச் சந்திப்புகளில் போரையும் சாதியையும் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் அதைச் செய்தார்கள்.

இனிமேல் இத்தகைய ஒரு பட்டியல் எம் முன்னால் வைக்கப்படும்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகள் எளிமையானவை. இதில் முதற் காயம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அதன் பிறகு அவனிடம் யார் போனார்கள்? இதை எழுதியவர் மூடிவைத்த பின் இதைத் திறக்கும் உரிமை யாருக்கு உண்டு? இவற்றுக்கு விடை தராத எந்தப் பட்டியலையும், அது எவ்வளவு நல்லெண்ணத்தோடு தயாரிக்கப்பட்டாலும், எமது பிள்ளைகள் மீது ஒட்ட நாம் அனுமதிக்கக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதவேண்டும். குறிப்பாக வைத்தியசாலைகளிலும் நன்னடத்தைப் பிரிவுகளிலும் வேலைசெய்யும் தமிழர்கள் எழுதவேண்டும். அந்தக் கோவைகளைக் கையாலே தொட்டவர்கள் அவர்கள்.